செல்வின் அண்ணாச்சி கழற்றாத கிளாம்ப்

"மாஸ்டர், கிளாம்ப் பத்தல. இன்னும் நாலு வேணும்."

மொட்டை மாடிப் படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே செல்வின் கேட்டுவிட்டார்.

ரிஸ்வானா ஒரு பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கொண்டுபோனதெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"பெஞ்சுல மாட்டியிருக்கு."

"ஒட்டி ஒரு வாரம் ஆச்சுல்லா?"

"மேலயே இருக்கும்."

"பசை காஞ்சிருக்கும்லா?"

"காஞ்சிருக்கும்."

"பெறவு?"

செல்வின் கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

"கூட நாலு மாட்டிட்டா பயமில்லாம இருக்கும். அதான்."

செல்வின் ட்ரெய்லர் டிரைவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மரத்தடிகளைக் கேரளா வரைக்கும் கொண்டுபோவார். தடிகளின் மேல் சங்கிலி போட்டு, கம்பியால் நெம்பி இறுக்குவார். இறுகிய பிறகும் ஒரு நெம்பு நெம்புவார். இறக்குகிற இடம் வரும்வரை அந்தச் சங்கிலியில் யாரும் கை வைக்கக் கூடாது. அவர் கட்டிய லோடு வழியில் அவிழ்ந்ததே கிடையாது.

ரிஸ்வானாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மாடியில் தகரக் கொட்டகை போட்டு அலமாரி, கட்டில் எல்லாம் செய்து விற்கிறாள். தன் வீட்டுக்குத் தானே ஏதாவது செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுக்கவும் செய்கிறாள். கற்றுக்கொடுக்கிறாள் என்று சொல்வதே அதிகம். பாதி நேரம் வாயைத் திறக்க மாட்டாள்.

கிளாம்ப் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு மரத்துண்டைப் பசை தடவி ஒட்டினால், பசை காய்கிற வரைக்கும் அவை நகராமல் அழுத்திப் பிடிக்க ஒரு இரும்புப் பிடி வேண்டும். திருகினால் இறுகும். அதுதான் கிளாம்ப். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

ரகசியம் இல்லாத இதில்தான் செல்வின் மாட்டிக்கொண்டார்.

ரிஸ்வானாவிடம் வருவதற்கு முன்னால் அவர் தானாகவே ஒரு பெஞ்ச் செய்திருந்தார். போனில் வீடியோ பார்த்துச் செய்தது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை, கடைப் பசை, பிடித்துக்கொள்ள லாரிக் கயிறு. வீட்டில் அன்று சாயங்காலம் ஜெபக் கூட்டம். ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றும்போது பசை இன்னும் ஈரம். செல்வின் கயிற்றை அவிழ்த்தார். பெஞ்சை நடு வீட்டில் போட்டார்.

"குளோரி, வந்து உக்காரு," என்று எல்லார் முன்னாலும் மனைவியைக் கூப்பிட்டார்.

குளோரி வந்து உட்கார்ந்தாள். கால் ஒன்று கழன்றது. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அவள் சண்டை போடவில்லை. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனிமே நீங்க செஞ்ச எதுலயும் நான் உக்கார மாட்டேன்."

கோபத்தில் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ வீட்டில் சீனி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரை இந்த மாடிப்படி ஏற வைத்தது.

முதல் ஞாயிறு வந்ததும் கேட்டார்.

"மாஸ்டர், இதுல ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறது எது?"

சுவர் முழுக்கக் கிளாம்ப் தொங்கியது. உள்ளங்கை அளவு, முழ நீளம், ஆள் உயரத்துக்குப் பைப்பில் மாட்டியது என்று விதவிதமாக. ரிஸ்வானா அதில் எதையும் எடுக்கவில்லை. மாடிக் கொடியில் காய்ந்த துணியிலிருந்து ஒரு கிளிப்பை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன மாஸ்டர், கிண்டலா?"

அவள் பலகையின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டியை ஒட்டி, துணிக் கிளிப்பை வரிசையாக மாட்டினாள்.

"இதுக்கு இது போதும்."

"பெஞ்சுக்கு?"

"பெஞ்சு கால் எவ்வளவு தடிமன்?"

"ரெண்டு இஞ்சு."

"அதைப் பிடிக்கிற அளவு வாய் திறக்கணும். கையில தூக்க முடியணும். மரம் பள்ளம் விழாம நடுவுல ஒரு துண்டுக் கட்டை வைக்கணும். அம்புட்டுதான்."

செல்வினுக்கு அது போதவில்லை. ஆள் உயரக் கிளாம்பைத்தான் எடுத்தார். ரெண்டு பலகையைப் பசை தடவிச் சேர்த்து, திருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருகினார். பசை வழிந்து அவர் கால் விரலில் சொட்டியது. பலகை வில் மாதிரி வளைந்தது.

"பசை எங்க அண்ணாச்சி?"

"வெளிய வந்துட்டு."

"உள்ள?"

செல்வின் காலைப் பார்த்தார்.

அவள் பழையதைத் துடைத்து, புதிதாகப் பசை தடவி, சின்னக் கிளாம்பை மூன்று விரலால் திருகினாள். ஒட்டிய கோட்டில் கடுகு கடுகாகப் பசை எட்டிப் பார்த்தது. நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஆடாதா?"

"இது கொல்லத்துக்கா போகுது?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வினும் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாமலேதான் அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வந்தார். வெட்டிய காலைப் பசையில்லாமல் ஒருதரம் மாட்டிப் பார்த்தார், கோணலாக இருந்ததைச் செதுக்கினார், மறுபடி மாட்டினார். புது பெஞ்சுக்கு எல்லாம் தயாரானதும் ரிஸ்வானா நாலு கிளாம்ப் இரவல் கொடுத்தாள். அஞ்சாவது ஒன்றை அவரே கடையில் வாங்கினார். பழைய பெஞ்சில் கழன்ற கால் இருந்ததே, அதே மூலைக்கு அது.

வீட்டில் ஒட்டினார். ஒழுங்காகத்தான் ஒட்டினார்.

அதோடு சரி. அப்புறம் கழற்றவே இல்லை.

இப்போது மாடிக்கு வந்து இன்னும் நாலு கேட்கிறார்.

ரிஸ்வானா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த ஒரு மரத்துண்டை எடுத்தாள். ரெண்டு சட்டத்தை ஒட்டிச் செய்தது. கிளாம்ப் எதுவும் இல்லை.

"இதைப் பிரிங்க."

செல்வின் இழுத்தார். முறுக்கினார். முட்டியில் வைத்து அழுத்தினார். கடைசியில் தரையில் ஓங்கி அடித்தார். படாரென்று உடைந்தது.

பார்த்தால், ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. பக்கத்து மரம்தான் பிளந்திருந்தது.

அவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"இது நீங்க ஒட்டினது மாஸ்டர்."

"ஆமா."

"நான் ஒட்டினது இல்லையே."

"இல்லதான்."

அவள் வாதாடவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். கையைக் கழுவிவிட்டு, "வாங்க, பெஞ்சைப் பாப்போம்" என்று முன்னால் இறங்கிவிட்டாள்.

வீட்டில் பெஞ்ச் சுவரோரம் இருந்தது. அஞ்சு இரும்பும் நாலு பக்கம் நீட்டிக்கொண்டு. நடக்கிறவர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

குளோரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் பிரித்த கை மடியில் கிடந்தது.

"வாம்மா. பேஷண்டைப் பாக்க வந்தியா? இன்னும் ஐசியுலதான் கிடக்கு."

"சும்மா இரு குளோரி," என்றார் செல்வின்.

"நான் என்ன சொன்னேன்? எழும்பி நடந்துருமோன்னு கட்டிப் போட்டிருக்காரும்மா."

ரிஸ்வானா குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள். தட்டிப் பார்க்கவில்லை. ஆட்டிப் பார்க்கவில்லை. நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு இதுல ஒண்ணு வேணும். ஒரு கட்டில் ஒட்டணும்."

இரவல் வாங்கியது. இல்லை என்று சொல்ல முடியுமா?

செல்வின் ரொம்ப நேரம் யோசித்தார். எதைக் கழற்றினால் சேதம் குறைவு என்று பார்த்து, நடுவில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அவள் போன பிறகு பெஞ்சுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்ச் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் போன் வந்தது. "அண்ணாச்சி, இன்னொண்ணு."

கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் திருகைத் தளர்த்தும்போது கையை அடியில் கொடுத்துக்கொண்டார், விழுந்தால் பிடிக்க. ஒவ்வொரு தடவையும் பெஞ்ச் நின்றபடி நின்றது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

ஒன்றே ஒன்று மிச்சம். அந்த மூலைக் கால்.

போன் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. ஒரு லோடு ஏற்றிக் கேரளா போனார். வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். அப்போதும் வரவில்லை. நேரே மாடிக்குப் போனார்.

ரிஸ்வானா கட்டில் சட்டத்தில் கிளாம்ப்களை மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவர் கொடுத்தவை.

"மாஸ்டர், அங்க ஒண்ணு கிடக்கு."

"தெரியும்."

"நீங்க கேக்கவே இல்லையே."

"அது என்னோடது இல்லையே. உங்களது."

"நீங்க கேட்டா கழட்டிருவேன்."

"எனக்கு எதுக்கு அது?"

"கழட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"சொன்னா?"

"கழட்டிட்டு அவளை உக்காரச் சொல்லுவேன்."

"உக்காருவாங்களா?"

"மாட்டேங்கா. எத்தனையோ தடவை கேட்டுட்டேன். கெஞ்சிட்டேன். நீங்க சொன்னீங்கன்னு சொன்னா ஒருவேளை உக்காருவா."

ரிஸ்வானா ஒரு திருகை மூன்று விரலால் திருகினாள். பசை எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பழைய பெஞ்சுல முதல்ல உக்காந்தது யாரு அண்ணாச்சி?"

"குளோரிதான். ஊருக்கே தெரியுமே."

"புதுசுல?"

"யாரும் இன்னும் உக்காரல. அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன். அவ மாட்டேங்கா."

ரிஸ்வானா அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருதரம் பார்த்தாள். லாரி ஓட்டி ஓட்டித் தடித்த உடம்பு. நல்ல கனம் இருக்கும்.

பார்த்துவிட்டு அடுத்த கிளாம்பை எடுத்தாள்.

செல்வின் திரும்பி நடந்தார். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நின்றார். பிறகு வேகமாக இறங்கினார்.

வீட்டில் குளோரி அடுப்படியில் இருந்தாள். தாளிக்கிற சத்தம். செல்வின் அவளைக் கூப்பிடவில்லை.

பெஞ்சின் மூலையில் மண்டி போட்டார். திருகு அசையவில்லை. அவர்தானே முறுக்கியது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினார். கிறீச்சென்று இளகியது. துண்டுக் கட்டை தரையில் விழுந்தது. கிளாம்ப் கையோடு வந்தது.

இந்தத் தடவை அடியில் கை கொடுக்கவில்லை.

கிளாம்பை ஜன்னலில் வைத்தார். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். திரும்பினார். மெதுவாக உட்கார்ந்தார். பாதிக் கனத்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, வெயிலில் நின்ற பஸ் சீட்டில் உட்காருகிற மாதிரி.

ஒன்றும் ஆகவில்லை.

கனத்தை இறக்கினார். முதுகைச் சுவரில் சாய்த்தார்.

பிறகு ரெண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினார்.

அப்படியே, கால் அந்தரத்தில் இருக்க, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். அந்த மூலைக்கே நகர்ந்து உட்கார்ந்தார்.

தாளிப்புச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

குளோரி அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்ன செய்யுதீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"இப்பதான்."

அவள் வந்து குனிந்து மூலைக் காலைப் பார்த்தாள். அவருடைய தூக்கிய காலையும் பார்த்தாள். செல்வின் அவளை உட்காரச் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்தபடியே இருந்தார்.

குளோரி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"தள்ளி உக்காருங்க," என்றாள்.