கீழ்ப் பொந்தைக் காலி செய்த மாமியார் அணில்

இந்தக் கதையை எங்காவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கண்மாய்க் கரையில் புங்க மரம் ஒன்று இருந்தது. அதில் பூரணி என்ற அணிலும் அவள் கணவன் சடையனும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே மகன், பரிதி. கண்மாய்க்கு வந்து போகும் வாத்துகளோடு அவன் சிநேகமானான். ஒரு நாள் தன் மனைவி யாழியையும் கூட்டிக்கொண்டு, வாத்து முதுகில் ஏறி, மலைகளுக்கு அப்பால் உள்ள பனிக்காட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த முறை வந்த வாத்துகள் சேதி கொண்டுவந்தன.

"உங்களுக்குப் பேரனும் பேத்தியும் இருக்கிறார்கள்! பரிதி உங்களைக் கூட்டி வரச் சொன்னான்!"

கண்மாயைச் சுற்றி ஒரு மரம் விடாமல் சொல்லிவிட்டுத்தான் பூரணி கிளம்பினாள். வழி முழுக்க அவள் கண்ணைத் திறக்கவில்லை. சடையன், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக் கேட்டு வாத்தின் உயிரை வாங்கினான்.

பனிக்காடு அழகாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளைகளும் கொழுகொழுவென்று இருந்தார்கள். பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் ராசா!" என்று கத்திவிட்டாள்.

"அம்மா, மெதுவா! இங்கே யாரும் சத்தம் போட மாட்டாங்க," என்றான் பரிதி.

"பக்கத்து மரத்துல யாருப்பா இருக்காங்க?"

"தெரியாதும்மா. இங்கே அதெல்லாம் கேட்கக் கூடாது."

பரிதியும் யாழியும் விடிந்தால் வெளியே போவார்கள். பொழுது சாய்ந்தால் வருவார்கள். வரும்போது வாய் நிறையக் கொட்டைகளைக் கொண்டுவந்து, மரத்தின் கீழ்ப் பொந்தில் போட்டு இலையால் மூடுவார்கள்.

"எதுக்குப்பா இவ்வளவு?" என்று பூரணி கேட்டாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நீ பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டா போதும்!"

வாத்துகள் திரும்பும் காலம் வந்தது. "நாங்களும் கிளம்பறோம்பா," என்றான் சடையன்.

"ஐயோ மாமா, இன்னும் கொஞ்ச நாள் இருங்க! நீங்க போயிட்டா பிள்ளைகளை யார் பார்ப்பா?" என்றாள் யாழி. வாத்துகள் மட்டும் பறந்து போயின.

கீழ்ப் பொந்து நிறைந்த பிறகு பரிதியும் யாழியும் அன்றன்றைய சாப்பாட்டை மட்டும் கொண்டுவந்தார்கள்; அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்த பூரணி, கீழ்ப் பொந்தின் இலைகளை விலக்கிப் பார்த்தாள். பொந்து நிறையக் கொட்டைகள்! தோல் கறுத்து, சுருங்கிக் கிடந்தன.

"ஏங்க, இங்கே வாங்க! எத்தனை மாசத்துப் பழசு பாருங்க! தின்னவும் மாட்டாங்க, நாலு பேருக்குக் கொடுக்கவும் மாட்டாங்க. இதையா என் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போறாங்க?"

புங்க மரத்தில் அன்றன்றைக்குக் கிடைத்ததை அன்றன்றைக்கே தின்று வளர்ந்தவள் அவள். எல்லாம் உறைந்துபோகும் பனிக்காலம் என்ற ஒன்றை அவள் கண்டதே இல்லை.

"அவனைக் கேட்டுட்டுச் செய்," என்றான் சடையன்.

"கேட்டா புரியாதும்பான். அதை இன்னொரு தரம் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை!"

தின்னும் பண்டத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. புல்லைப் பின்னிச் சின்னச் சின்னக் கூடைகள் செய்தாள். கொட்டைகளை நிரப்பிக்கொண்டு பக்கத்து மரங்களுக்குப் போனாள்.

"இது எதற்கு?" என்றாள் செவ்வணில், கதவைப் பாதி திறந்து.

"சும்மாதான்! சாப்பிடுங்க!"

"சும்மாவா? உங்களுக்கு என்ன வேண்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா!"

செவ்வணில் கூடையை ஒரு விரலால் உள்ளே இழுத்துக்கொண்டாள். மரங்கொத்தி, "இதில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டது. காட்டெலி முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பூரணிக்கோ, பேச ஆள் கிடைத்த சந்தோஷம்! தினமும் போனாள். கீழ்ப் பொந்து பளிச்சென்று காலியானது. மகன் பார்த்து மெச்சட்டும் என்று காத்திருந்தாள்.

ஒரு காலையில் காடே வெளுத்துக் கிடந்தது. பனி!

"இனிமே வசந்தம் வரைக்கும் யாரும் வெளியே போக வேண்டாம். ஒரு கொட்டைகூடக் கிடைக்காது. நம்மகிட்டதான் பொந்து நிறைய இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே பரிதி கீழே இறங்கினான். ஏறி வரும்போது அவன் வால் தொங்கிப் போயிருந்தது.

"அம்மா, கீழே இருந்ததெல்லாம் எங்கே?"

"அந்தப் பழசா? எல்லாத்தையும் கொடுத்துச் சுத்தம் பண்ணிட்டேன்பா!"

யாழி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அத்தை! அதுதான் நம்ம எல்லாருக்கும் பனிக்காலச் சாப்பாடு!"

"அடப்பாவி, ஏன்டா எங்கிட்டே சொல்லலை?" என்றாள் பூரணி.

"விடு பூரணி. நமக்குத்தான் எதுவும் புரியாதே!" என்றான் சடையன்.

பூரணி எழுந்தாள். "நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறதா? மானம் போயிடும்மா!" என்றான் பரிதி.

"ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறதே இங்கே தப்பு, அத்தை," என்றாள் யாழி.

கௌரவம் கெடாமல் எப்படிப் பட்டினி கிடப்பது என்று இருவரும் அன்று முழுக்க யோசித்தார்கள். பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின.

பூரணி பொறுத்துப் பார்த்தாள். "கொட்டையைக் கேட்டாத்தானே உங்க மானம் போகும்? என் கூடையைக் கேட்கிறேன்!" என்று பனியில் இறங்கி நடந்தாள்.

செவ்வணில் கூடைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் துடைத்து வைத்த காலிக் கூடைகள். "மிக்க நன்றி," என்றாள்.

பூரணி ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"எங்க ஊரில் கூடையை வெறுமையாத் திருப்பித் தர மாட்டோம்மா."

"தந்தால் என்ன ஆகும்?"

"தெரியாதே! இதுவரைக்கும் யாரும் அப்படித் தந்ததில்லையே!"

இன்ன தவறுக்கு இன்ன தண்டனை என்று தெரிந்தே பழகியவள் செவ்வணில். என்ன ஆகும் என்றே தெரியாத தவறை என்ன செய்வது? "எவ்வளவு போட வேண்டும்?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"உங்க இஷ்டம்மா. கூடை நிறைஞ்சா நல்லது."

செவ்வணில் உள்ளே ஓடினாள். பூரணி கொடுத்த அதே கொட்டைகள் ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. சும்மா கொடுத்த பண்டத்தில் ஏதோ சூது இருக்கும் என்று பயந்து, அவள் ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. அத்தனையையும் அள்ளி எல்லாக் கூடைகளையும் நிரப்பினாள்.

"இது சட்டமா?" என்று கேட்டது அடுத்த மரத்து மரங்கொத்தி.

"சட்டம் இல்லைங்க, வழக்கம்."

"ஐயோ, சட்டமென்றால் வாதாடலாம்! வழக்கமென்றால் ஒன்றும் செய்ய முடியாதே!" என்று அதுவும் நிரப்பித் தந்தது. காட்டெலி கேள்வியே கேட்காமல் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டது. அன்பாகக் கொடுத்ததை நம்பாதவர்கள் எல்லாரும் பயத்தில் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கீழ்ப் பொந்து மறுபடி நிறைந்தது. பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றன. "எப்படிம்மா வாங்கினே?" என்று பரிதி வாயைப் பிளந்தான். பூரணி தன் படுக்கையைச் சுருட்டி எடுத்துப்போய்க் கீழ்ப் பொந்தின் வாயில் விரித்து, அதை அடைத்தாற்போலப் படுத்துக்கொண்டாள்.

"திருட்டுப் பயமா அத்தை?" என்றாள் யாழி.

"இல்லைம்மா, என் கையை நினைச்சாத்தான் பயமா இருக்கு! ராத்திரி அது யாருக்காவது கொடுக்கக் கூடையைத் தேடினா, நீ உடனே என்னைத் தட்டி எழுப்பு!"

வீட்டுக்கு வந்த பெரியவர்களிடம் வேலையை மட்டும் ஒப்படைத்து விவரத்தைச் சொல்லாமல் விட்டால், அவர்கள் அன்பாலேயே அந்த வீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.