விதைநெல்லுக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஏழைகள் அறுவடைக் காசைச் சேர்த்துவைக்கட்டும் என்று அரண்மனை வாசலில் ஒரு பெட்டகம் கட்டினான். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"காசு போடாதவனுக்குச் சாட்டையடி!" என்று கத்தினான்.

"அடித்தாலும் பயனில்லை மன்னா. ஏழைக்கு ஓட்டைக் கை" என்றார் வச்சிரபாகு. அவையில் பெரிய மனிதர். ஊருக்கெல்லாம் வட்டிக்கு விதைநெல் கொடுப்பவரும் அவர்தான்.

முறையிட வந்திருந்த சடைச்சி என்ற குடியானவப் பெண் அழுதேவிட்டாள். "அறுத்தப்போ காசு இருக்குது சாமி. நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, மாட்டுக்கு வைத்தியம்னு கரைஞ்சு போவுது. விதைக்கும்போது இவருகிட்ட நிக்கிறேன். இன்னொரு தடவை கடன் வாங்கினா என் வயலு இவருக்குத்தான்."

அமைச்சர் நம்பியாண்டான் தலைகுனிந்திருந்தார். சிக்கனத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் புத்தி சொன்னவர் அவர். அதுவும் ஒருவகைச் சாட்டைதானோ என்று இப்போது தோன்றியது. சட்டென்று நிமிர்ந்தார்.

"வச்சிரபாகுவே, வெற்றிலை வாங்க வேண்டும். உம் இடுப்பில் காசு முடிந்திருக்கிறதே, கொஞ்சம் கொடும்."

"இந்த மஞ்சள் துணியா? சிவ சிவா! குலதெய்வத்துக்கு முடிந்த காசு ஐயா!"

"நாளைக்கு வேறு காசு முடிந்துகொள்ளலாமே?"

"வாயைக் கழுவும்! வீடு பற்றி எரிந்தாலும் இதைத் தொடமாட்டேன்."

"கேட்டீர்களா மன்னா? இன்னதற்கென்று சொல்லி முடிந்த காசு நிற்கிறது. நம் பெட்டகத்தில் எல்லாக் காசும் ஒரே குவியல். பூட்டு இருக்கிறது, முடிச்சு இல்லை."

அரசன் சிரித்துவிட்டான். வச்சிரபாகுவுக்கு முகம் கறுத்தது. "முடிச்சுப் போட்டாலும் இவள் விதைப்புக்கு முன்பே அவிழ்ப்பாள். அவிழ்க்காவிட்டால் மன்னர் சொல்லும் வேலையைச் செய்கிறேன்!"

அடுத்த அறுவடையில் காசு கைக்கு வந்த வேளையிலேயே அமைச்சரின் ஆட்கள் மஞ்சள் துணியோடு களத்துமேட்டில் நின்றார்கள். "இது விதைநெல்லு" என்று வாய்விட்டுச் சொல்லிச் சடைச்சி தன் கையாலேயே முடிந்தாள். முடிச்சு பெட்டகத்துக்குப் போனது. எப்போது கேட்டாலும் கிடைக்கும். ஆனால் அவள்தான் அவிழ்க்க வேண்டும்.

காதுகுத்து வந்தது. சடைச்சி பெட்டகத்துக்கு வந்து முடிச்சைக் கையில் வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, நாத்தனார் வீட்டுக்கு ஒரு கோழியோடு போனாள்.

விதைப்பு நாளில் வச்சிரபாகு நெற்கூடையோடு அவள் வரப்பில் நின்றார். சடைச்சியின் தலையில் முடிச்சுக் காசில் அவள் வாங்கிய நெல் இருந்தது.

"வெயில் ஏறுது சாமி, வூட்டுக்குப் போங்க. இந்த வயலு என்னுதாவே இருக்கட்டும்."

அரசன் அமைச்சருக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். வச்சிரபாகுவைப் பெட்டகத் துணிகளுக்கு மஞ்சள் அரைக்க வைத்தான்.

அரைத்து அரைத்து அவர் கையில் மஞ்சள் ஏறிவிட்டது. அதன்பின் கடன் கொடுக்க அவர் கை நீட்டும்போதெல்லாம், பார்த்தவர்களுக்குத் தங்கள் முடிச்சு நினைவுக்கு வந்தது.