முதுகளவு

“மூணு பை வாங்கிட்டேன், ஆசான். மூணும் தோளை அறுக்கு,” என்றார் குற்றாலிங்கம்.

ஆவுடை ஆசான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, நாற்பது நாள் மலையோரமாகவே நடத்திக் கூட்டிப்போவாள். அவளைவிட இருபத்து மூன்று வயது மூத்த குற்றாலிங்கம் உட்பட எல்லோரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எதப் பாத்து வாங்கினீங்க, அண்ணாச்சி?”

“மொதப் பையில எல்லாம் அடங்கும்னு கடைக்காரன் சொன்னான். ரெண்டாவது, மழைக்கு நனையாது. மூணாவது…” கொஞ்சம் இழுத்தார். “நிறம் நல்லா இருந்துச்சு.”

“பையப் பாத்திருக்கீங்க. முதுகு?”

“முதுகுக்கு என்ன?”

“என்ன நீளம்?”

குற்றாலிங்கம் முப்பத்திரண்டு வருடம் ஊரார் வீட்டு மின்சார மீட்டரில் எண் பார்த்து எழுதியவர். தன் முதுகுக்கும் ஒரு எண் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“பிடரி எலும்புல இருந்து இடுப்பு எலும்பு வரைக்கும். அது தெரிஞ்சு பை எடுத்தாத்தான் பாரம் இடுப்புல உக்காரும். இல்லேன்னா தோள்ல தொங்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள அளந்துட்டு வாங்க. திங்கக்கிழமை கெளம்புறோம்.”

“அளக்கலேன்னா?”

“கூட்டிட்டுப் போகமாட்டேன். போன வருசம் ஒருத்தர மூணாம் நாளே கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தோம்.”

குற்றாலிங்கத்தின் மனைவி இறந்து எட்டு மாதம். குக்கர் விசில் சத்தம்கூட இல்லாத வீடு. இந்த நடையையும் விட்டால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

“இருபது இஞ்சு.”

“நீங்களே அளந்தீங்களோ?”

“எப்படித் தெரியும்?”

“கையப் பின்னால வளச்சா முதுகும் சேந்து வளையும். அளவு தப்பாத்தான் வரும்.”

“அப்ப நீங்களே அளந்திருங்க.” குற்றாலிங்கம் திரும்பி நின்றார்.

“நான் அளக்கக்கூடாது, அண்ணாச்சி. சொந்தத்துல ஒருத்தர் அளக்கணும். இங்க அதுதான் வழக்கம். நாப்பது நாள் போறவர் எங்க போறார்னு அவங்களுக்குத் தெரியணும்லா.”

“வீட்ல யாருமில்ல. மக துபாய்ல.”

“கூடப் பொறந்தவங்க?”

குற்றாலிங்கம் கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஒரு தம்பி உண்டு. பேச்சு கிடையாது. பதினோரு வருசம் ஆச்சு.”

“ரொம்பத் தூரத்துல இருக்காரோ?”

“நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்.”

“டேப் பிடிக்கத் தெரியுமா அவருக்கு?”

“டெய்லர்.”

ஆசானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி வாரம். தம்பி பேச்சிமுத்துவின் தையல் கடை மீட்டரில் எண் ஓடவில்லை. கரண்ட் திருடுகிறான் என்று சந்தேகப்பட்டு, தம்பி என்றும் பார்க்காமல் எழுதிக் கொடுத்தவர் இதே குற்றாலிங்கம்தான். நேர்மையான மனுஷர் என்று ஆபீசில் முதுகைத் தட்டினார்கள். கரண்டைத் துண்டித்ததில் கடை இருண்டு கிடந்தது. வெட்டிய துணியெல்லாம் வெட்டியபடியே ஊராரிடம் திரும்பிப் போனது.

அடுத்த மாதமே மீட்டர்தான் பழுது என்று தெரிந்துவிட்டது. அதைப் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அவ்வளவுதான், பதினோரு வருடம்.

புதனும் வியாழனும் தம்பி கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்குள் ஏறினார்.

பேச்சிமுத்து தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

“அளவு எடுக்கணும்,” என்றார் குற்றாலிங்கம்.

“சட்டையா?”

“முதுகு மட்டும். பிடரியில இருந்து இடுப்பு எலும்பு வரைக்கும்.”

பேச்சிமுத்து கழுத்தில் கிடந்த டேப்பை உருவினான். “சட்டையக் கழட்டுங்க.”

குற்றாலிங்கம் கழற்றினார். சுவரைப் பார்த்து நின்றார். பிடரியில் தம்பியின் விரல் பட்டது. முகம் தெரியாததால் தைரியம் வந்தது.

“அன்னைக்கு மீட்டர்தான் பழுது. நீ ஒண்ணும் செய்யல. நான் வந்து சொல்லியிருக்கணும்.”

டேப் பாதி முதுகில் நின்றது.

“தெரியும்,” என்றான் பேச்சிமுத்து. “அசையாம நில்லுங்க.”

டேப் மறுபடி இறங்கியது.

“பதினெட்டே கால். மக கல்யாணத்துக்குக் கோட்டு தச்சப்போ பதினெட்டே முக்கால் இருந்தீங்க.”

அளவு நோட்டெல்லாம் அலமாரிக்குள் இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

குற்றாலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டையை மாட்டுகிற சாக்கில் துடைத்துக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பேச்சிமுத்து அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டான்.

“எதுக்கு இந்த அளவு?”

“பை எடுக்க. நாப்பது நாள் மலையோரமா நடக்கப் போறேன்.”

“நாப்பது நாளா?” பேச்சிமுத்து ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினான். “உக்காருங்க. வெவரமாச் சொல்லுங்க.”

சாயங்காலம் குற்றாலிங்கம் ஆசானிடம் அளவு எழுதிய சீட்டை நீட்டினார். அவள் வாசித்துவிட்டு, பலகையிலிருந்து ஒரு பையை இறக்கினாள். உள்ளே எட்டுக் கிலோ மணல் போட்டு அவர் முதுகில் ஏற்றி, இடுப்பு வாரை இழுத்து மாட்டினாள்.

“நடங்க.”

முற்றத்தில் மூன்று சுற்று நடந்தார். பாரம் இடுப்பில் அமர்ந்திருந்தது.

“அறுக்கா?”

“இல்ல, ஆசான். தோள்ல ஒண்ணுமே தெரியல.”

“அப்ப திங்கக்கிழமை வாங்க.” ஆசான் சீட்டை மடிக்கப் போனவள், மறுபடி பிரித்தாள். “கீழ இன்னொரு நம்பர் கெடக்கே. பத்தொன்பதரை. இது யாருக்கு?”

“தம்பிக்கு. வெளிய நிக்கான், கூச்சப்பட்டுக்கிட்டு,” என்றார் குற்றாலிங்கம். “டேப் பிடிக்கத் தெரியாம மூணு தடவ அளந்தேன்.”