ஏரிக்கரைக் கல்லில் இருந்த பெயர்

பாறைக்கும் பறவைக்கும் பேச்சு வந்துகொண்டிருந்த பழைய காலம் அது. அப்போது ஏழேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மகாராணிக்கு ஒரு பெண் பிறந்தாள். சந்திரவதனா என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான்! அரண்மனையின் மனம் குளிரட்டும் என்று, அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைகள் எல்லோர் காதிலும் மூன்று முறை "சந்திரவதனா" என்றே சொன்னார்கள். மறுவருஷமும் அதே பெயர். அதற்கு மறுவருஷமும் அதே பெயர். ஒருத்தி வாசலில் நின்று, "சந்திரவதனா, சாப்பிட வாடி!" என்றால் தெருவே திரண்டு வந்து இலைமுன் உட்காரும்.

கோரைப்பாய் முடையும் வீராயி மட்டும் தன் மகளுக்குக் கொற்றி என்று பெயர் வைத்தாள்.

"கொற்றியா? பல்லுப் போன கிழவிக்கு வைக்கிற பேரு!" என்றாள் அடுத்த வீட்டு உமையாள்.

"இந்தப் பேரைச் சொன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ஜாதகத்துக்கு ஒத்து வருது. என் வாய்க்குத்தான் ஒத்து வரல" என்றார் ஜோசியர்.

வீராயி முடைவதை நிறுத்தவில்லை. "பெரிய ஏரி உடைஞ்சப்போ, அடைமழையில உடைப்பை அடைச்சு உசிரை விட்டவ பேரு அது. கரையில கல்லு நட்டிருக்கு. அவ காத்த தண்ணியைக் குடிக்கிறோம், அவ பேரைச் சொல்ல மட்டும் கூச்சமா?"

உமையாளும் நாத்தனாரும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆனால் பிள்ளைகளின் வாயை யார் மூடுவது? "கொற்றி, கொற்றி, குழம்புச் சட்டி!" என்று தெருவெல்லாம் பாடினார்கள்.

கொற்றி வளர்ந்தாள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். "எனக்கு இந்தப் பேரு வேணாம்மா. நானும் சந்திரவதனா ஆகணும்."

வீராயி முதலில் கொஞ்சிப் பார்த்தாள். பிறகு கடிந்து பார்த்தாள். கடைசியில், "சரிடி, வர்ற பௌர்ணமிக்கு மாத்திடறேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் ஊருக்குள் ஒரு வளையல்காரன் வந்தான். "சந்திரவதனா என்று பெயருள்ள பெண்களுக்கு வளையல் சும்மா! சும்மா!" என்று கூவினான். இளவரசி முதல் இடையர் மகள் வரை எல்லோரும் ஓடினார்கள். கொற்றியும் ஓடினாள்.

"உன் பேர் என்ன?" என்றான் வளையல்காரன்.

"நாளைக்கு சந்திரவதனா."

அவன் சிரித்துக்கொண்டே அவள் கையிலும் ஒன்றைப் போட்டான். மறுகணம், வளையல் போட்ட பெண்கள் அத்தனை பேரும் மண் பொம்மைகளாகி நின்றார்கள். ஒரே முகம், ஒரே உயரம், ஒரே நிறம். வளையல்காரன் யார் தெரியுமா? வக்கிரகேது என்ற மந்திரவாதி! பொம்மைகளை அள்ளிக்கொண்டு கரட்டுமலை உச்சிக்குப் பறந்துவிட்டான்.

தாய்மார்கள் அழுதபடி மலை ஏறினார்கள். மகாராணியும் வெறுங்காலோடு ஏறினாள்.

வக்கிரகேது தொடையைத் தட்டிச் சிரித்தான். "தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் பிள்ளை மட்டும் அசைந்தால் அதன் மந்திரம் உடையும். கூட இன்னொன்று அசைந்தால் உடையாது. எல்லா வளையலும் உடைந்தால் நான் மண்; சூரியன் மறைந்தால் இவை எல்லாம் என்றைக்கும் மண்தான். எங்கே, கூப்பிடுங்கள் பார்க்கலாம்!"

"சந்திரவதனா!" என்றாள் மகாராணி. எல்லாப் பொம்மைகளும் தலையைத் திருப்பின. "சந்திரவதனா!" என்றாள் உமையாள். எல்லாம் திருப்பின. தாய்மார்கள் கத்தக் கத்தத் தலைகள் அப்படியும் இப்படியும் ஆடினவே ஒழிய, ஒன்றும் உயிர் பெறவில்லை.

வீராயி முன்னால் வந்தாள். மகள் வேண்டாம் என்று அழுத பெயர். அதைச் சொன்னால் திரும்புவாளா?

"கொற்றி!" என்றாள். ஒரு பொம்மையும் அசையவில்லை.

"கொற்றி!" என்றாள். அசையவில்லை. "அதுவும் ஒரு பேரா?" என்று மந்திரவாதி கெக்கலித்தான். சூரியன் மலை விளிம்பைத் தொட்டது.

வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய்க் கட்டு சுமந்த தோள் நிமிர்ந்தது. ஏரிக்கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி, மலையே கேட்கும்படி, "அடியே கொற்றீ!" என்றாள்.

மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு பொம்மை திரும்பியது. அதன் கையிலிருந்த வளையல் நொறுங்கியது.

"காதுல விழுதும்மா! ஏன் இப்படிக் கத்துற?" என்று கொற்றி ஓடி வந்தாள்.

வீராயி அவளைக் கட்டிக்கொண்டே மற்றவர்களைப் பார்த்தாள். "ஏன் நின்னு பார்க்கிறீங்க? இப்பவே புதுசா பேரு வைங்க. ஒருத்தி வச்சதை இன்னொருத்தி வைக்காதீங்க. எல்லாப் பொம்மையும் ஒண்ணுபோல இருந்தா என்ன? தாய் சொன்னா அவ பிள்ளைதான் திரும்பும்."

"இது கள்ளாட்டம்!" என்று குதித்தான் வக்கிரகேது.

"பேரு வைக்கிறது பெத்தவ பாடு. உனக்கென்ன அதுல?" என்றாள் வீராயி.

தாய்மார்கள் நெஞ்சின் அடியிலிருந்து பழைய பெயர்களைத் தோண்டி எடுத்தார்கள். "பூதி!" ஒருத்தி திரும்பினாள். "வேம்பி!" ஒருத்தி திரும்பினாள். "மருதி!" உமையாள் மகள் திரும்பினாள். என்ன அழகான பெயர்கள்! சொல்லச் சொல்ல அவர்கள் வாயே இனித்தது. வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின.

கடைசியில் ஒரு பொம்மை மட்டும் மிஞ்சியது. வானத்தில் வெளிச்சம் ஒரு கீற்றுதான் பாக்கி.

மகாராணி வீராயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லையே அம்மா. என் பெண்ணுக்கும் ஒரு பெயர் சொல்லேன்."

"எதுக்குத் தாயி? நீங்க ஆசையா வச்ச பேரு இருக்கே. இப்போ கூப்பிடுங்க."

"சந்திரவதனா" என்றாள் மகாராணி, மெதுவாக.

பிறந்த நாளிலிருந்து முதல் முறையாக, அந்தப் பெயருக்கு ஒரே ஒரு பெண் திரும்பினாள். வக்கிரகேது மண்ணாகி உதிர்ந்தான். இளவரசி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, என்னைத்தானே கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான் கண்ணே. உன்னை மட்டும்தான்."