செங்கோடன் முறை

எங்கள் மடத்துச் சாப்பாட்டில் ஒரு வருடமாக உப்பு இல்லை.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆற்றங்கரையில் மூன்று ஓட்டு வீடு, ஒரு கிணறு, பதினோரு சீடர்கள், ஒரு குரு. குருவுக்கு நாற்பது வயது. எல்லோரும் அம்மா என்போம். சமையல் பார்க்கும் சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. அதனால் அம்மா அவரைப் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார்.

குழம்பில் உப்பு இல்லை. ரசத்தில் இல்லை. நாங்கள் முணுமுணுத்தோம். ஊறுகாய் ஜாடி மட்டும் மாதம் இரண்டு காலியானது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். பரிசல் ஓட்டிய செங்கோடன்தான் காரணம்.

செங்கோடனும் நாச்சிமுத்துவும் பதினாலு வருடம் பாட்டாலேயே பேசிக்கொண்டவர்கள். ஒருவர் பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லில் மற்றவர் தொடங்க வேண்டும். புலவர்கள் இதை அந்தாதி என்பார்கள். இவர்கள் 'முறைப்பாட்டு' என்றார்கள். செங்கோடன் இந்தக் கரையில் ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போவார். அவர் அக்கரை போய்த் திரும்புவதற்குள் நாச்சிமுத்து பதில் கட்டியாக வேண்டும். அதுதான் கெடு. முந்நூறு பாட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒன்றைக்கூட இருவரும் எழுதி வைக்கவில்லை.

போன ஆடியில் செங்கோடன் கரையில் நின்று நண்பரின் சமையலைக் கிண்டல் செய்து ஒன்று பாடினார்.

"நூறு தரம் பரிசல் போட்டு வந்தாலும்
மாறாது போலிருக்கு உன் உப்பில்லாச் சோறு."

சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டுப் போனார். அக்கரையில் காய்ச்சல். ஆறாம் நாள் இறந்துவிட்டார்.

அன்றிலிருந்து நாச்சிமுத்து பாடவில்லை. உப்பும் போடவில்லை.

செங்கோடன் இறந்து வருடம் திரும்பிய அன்று காலையில் செங்கோடனின் மகள் பாவாயி வந்தாள். இப்போது பரிசல் அவள் கையில்தான்.

"பெரியப்பா, ஊருல அப்பாவுக்குக் கல்லு நடலாம்ங்கிறாங்க. எனக்குக் கல்லு வேண்டாமுங்க. பாட்டைக் குடுங்க."

"முடியாது கண்ணு."

"மொதப் பாட்டு ஒண்ணுதான் எனக்குத் தெரியும். பரிசலை அவுக்கறப்பல்லாம் அப்பா அதைத்தான் பாடுவாரு. மிச்சம் பூராவும் உங்ககிட்டத்தானே இருக்குது?"

"முடியாதுன்னு சொன்னனல்ல."

"உங்களுக்கும் வயசாச்சுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, எங்கப்பன் பாட்டு அத்தனையும் உங்ககூடவே போயிருமே."

நாச்சிமுத்து அடுப்படிக்குள் போனார். பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா அடுப்படிக்கு வந்தார். நான் அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நான் செய்யறது தப்புங்களாம்மா?" என்று நாச்சிமுத்துவே கேட்டார். "செத்தவனுக்கு நான் வேற என்ன மரியாதை செய்ய முடியும்?"

"எது மரியாதை?"

"பாட ஆரம்பிச்சா கடைசிப் பாட்டுல வந்து நிக்குமுங்க. அவன் 'சோறு'ன்னு முடிச்சான். அடுத்தது என் முறை. நான் பாடாத வரைக்கும், அவன் பரிசல்ல நின்னுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கறான். பாடிட்டேன்னா அவன் முறை வந்துரும். பதில் வராது. அன்னைக்குத்தாம்மா அவன் சாவான்."

"உப்பு?"

"அவன் கடைசியாச் சொன்ன சொல்லுங்க. அதைப் பொய்யாக்கக் கூடாதுன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அம்மா உப்பு ஜாடியைத் திறந்தார். ஒரு கை அள்ளிக் கொதிக்கிற குழம்பில் போட்டார். நாச்சிமுத்து தடுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார்.

"செங்கோடன் உப்புக் கேட்டாரு, பெரியவரே. ஒரு வருசமா நீங்க குடுக்கலை."

நாச்சிமுத்து கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அவரு மொதமொதல்ல எடுத்த சொல்லு எது?"

"'யாரு'ங்கம்மா. நான் இந்தக் கரையில நின்னு அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அதுக்குப் பதிலாப் பாடினான்."

"உங்க பாட்டு அந்தச் சொல்லுல போய் முடியட்டும்."

"எதுக்குங்கம்மா?"

அம்மா நேராகப் படித்துறைக்குப் போய், "பாவாயி, ஒருதரம் அக்கரை போயிட்டு வாம்மா" என்றார். பாவாயி ஏன் என்று கேட்கவில்லை. வெறும் பரிசலோடு போனாள். கெடு தொடங்கிவிட்டது என்பது நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டுப் படித்துறைக்கு வந்தார்.

கரையில் ஒரு இலை போட்டோம். சோறும் குழம்பும் வைத்தோம். பதினோரு பேரும் வந்து நின்றோம். பரிசல் அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பாதி ஆறு வந்தது. நாச்சிமுத்து இன்னும் வாயைத் திறக்கவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு பாடினார். ஒரு வருடம் பூட்டிக் கிடந்த குரல். உப்பு என்ற இடத்தில் உடைந்தது.

"சோறு வடிச்சு வச்சேன், உப்பும் சரியாப் போட்டேன்;
வேறு ஆளுக்கு இலை போடல, இனி உண்ண வர்றது யாரு?"

பாட்டு முடிந்தது. ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது. ஒரு வருடமாக அவர் பயந்த அமைதி இதுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நடு ஆற்றில் பாவாயியின் துடுப்பு நின்றது. பரிசல் மெதுவாகத் தானே ஒரு சுற்றுச் சுற்றியது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது, அவ்வளவுதான்.

"யாரு கூப்பிட்டது அக்கரையில நின்னு?
ஆறு பெருகினாலும் வருவேன், இரு கண்ணு."

அந்த முதல் பாட்டு. அதே மெட்டு. 'வருவேன்' என்பதைச் செங்கோடன் இழுக்கும் அதே இழுப்பு. எங்களில் இரண்டு பேர் அறியாமலே கை கூப்பினார்கள்.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா..." என்றார் கடைசியில். "அவன்..."

பரிசல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்மா மெல்லச் சொன்னார்:

"'கண்ணு'ன்னு முடிச்சிருக்காரு, பெரியவரே. உங்க முறை."