பறக்கும் பாவாயியும் கத்திய ஆட்காட்டியும்

மழை வேண்டித்தான் தவளைகள் கத்துகின்றன என்று நாட்டில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். கற்றவர்களும் இதற்கு விலக்கல்ல. இது மிகவும் வருந்தத்தக்க பிழை. இன்றே திருத்திக்கொள்வது நல்லது. பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடப்பவருக்கு மேலும் தண்ணீர் எதற்கு? இன்னும் வெளிவராத ஒரு தொடரைப் பற்றி விவாதிக்கும்போதுதான் தவளைகள் கத்துகின்றன. அல்லிக்குளத்தில் நடந்ததே இதற்குச் சான்று.

அல்லிக்குளம் நடுக்காட்டில் இருந்தது. கரையில் ஒரு மருதமரம். அதன் இரு கிளைகளுக்கு நடுவே சிலந்தி ஒன்று பெரிய வலை கட்டியிருந்தது. மாலை மங்கியதும் மின்மினிகள் அந்த வலையின் பின்னால் வந்து கூடி, மினுக்கி மினுக்கிக் கதை காட்டும். குளத்துக்கு அதுதான் தொலைக்காட்சி.

அந்த வருடம் மின்மினிகள் ஒரு புதிய தொடரை அறிவித்தன. பெயர் 'பறக்கும் பாவாயி'. நாயகி ஒரு பெண் தவளை. அவள் சிறகில்லாமல் பறப்பாள். பாம்பைக் கண்டால் பின்னங்காலால் முகத்தில் ஓர் உதை விடுவாள். முன்னோட்டத்தில் காட்டியது அந்தக் காலை மட்டும்தான். கடைசியில் 'விரைவில்' என்று ஒளிர்ந்து அணைந்தது.

உடனே குளத்தில் ரசிகர் மன்றம் முளைத்தது. மண்டூகநாதன் என்ற பெருந்தவளை தலைவர். தேரையப்பன் என்ற தேரை செயலாளர். பாவாயியின் நிறம் பச்சையா, மஞ்சளா என்று இரண்டு அணிகள் பிரிந்தன. பெண் தவளைக்கு ஏது குரல், எப்படி வசனம் பேசுவாள் என்று கேட்ட ஒருவரை இரு அணிகளும் ஒன்றுசேர்ந்து பாசிக்குள் அமுக்கின. இந்த விவாதங்களில் பெண் தவளைகள் கலந்துகொள்ளவில்லை. அவற்றை யாரும் கேட்கவும் இல்லை.

அதே கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, வடிவு என்ற ஆட்காட்டிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை, முட்டையிடுவது வெறுந்தரையில்தான். ஆகவே கண்ணை நாலு பக்கமும் சுழற்றிக்கொண்டே இருப்பாள். எது வந்தாலும் கத்துவாள். நரி வந்தால் "நரி வருது" என்பாள், கீரி வந்தால் "கீரி வருது" என்பாள். சத்தம் கேட்டதும் தவளைகள் தொபுக்கென்று நீரில் குதிக்கும். பதுங்கி வந்தவர் குட்டு வெளிப்பட்ட வெட்கத்தில் திரும்பிப் போய்விடுவார். அவள் முட்டைகளும் தவளைகளும் இத்தனை நாள் பிழைத்தது இப்படித்தான். இதற்காக அவளை யாரும் பாராட்டியதில்லை. "எந்நேரமும் காட்டுக் கத்தல், வேற வேலையே இல்லையா இவளுக்கு" என்பதுதான் குளத்தின் பொதுவான கருத்து.

ஒருநாள் மருதமரத்து அணில் ஒத்திகையைப் பார்த்துவிட்டது. முதல் பாகத்தில் தாழம்புதரிலிருந்து பாம்பு வரும் என்று குளத்தில் உளறியும் விட்டது. மன்றம் கொதித்தது. தேரையப்பன் மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயைக்கூடத் தின்னவில்லை. அவசரக் கூட்டம் கூடியது.

"அடுத்து என்ன வரப்போகுதுன்னு இனி இந்தக் குளத்துல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா ஊர்விலக்கு," என்றார் மண்டூகநாதன்.

வடிவு கரையிலிருந்து கேட்டாள். "தலைவரே, ஒரு சந்தேகம்."

"கேளு."

"அடுத்து என்ன வருதுன்னு சொல்றதுதானே என் பொழப்பு. நான் என்ன பண்ணட்டும்?"

"வந்தப்புறம் சொல்லு."

"வந்தப்புறம் கேக்குறதுக்கு நீங்க இருக்கணுமே."

தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. தேரையப்பன் முந்திக்கொண்டான். "பாவாயி மட்டும் வந்துட்டா உன்னை மாதிரி ஆளுங்களுக்கு வேலையே இருக்காதும்மா. பாம்பு கீம்பு எல்லாம் அவ பாத்துக்குவா."

"எப்ப வருவா?"

"விரைவில்."

வடிவு தன் முட்டைகளைப் பார்த்தாள். ஒன்றில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து குஞ்சு கொத்தும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் விலக்கி வைத்தால் முட்டைகளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? குஞ்சுகள் வெளியே வரும்வரை வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

அன்று சாயங்காலமே குளக்கரையில் இருந்த தாழம்புதர் அசைந்தது. புதருக்குள்ளிருந்து ஒரு சாரைப்பாம்பு தலை நீட்டியது.

மன்றத்தார் வழக்கம்போல் கரையில் வரிசையாக உட்கார்ந்து, காலியாகக் கிடந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு புதரைப் பார்த்து இருந்தது. பாம்பு வரும் வழியில் முதலில் தவளைகள். அவற்றைத் தாண்டித்தான் வடிவின் முட்டைகள். சும்மா இருந்தால் பாம்பு தவளைகளிலேயே வயிறு நிறைந்து திரும்பிவிடும். முட்டையும் பிழைக்கும், விலக்கும் வராது. வடிவு போட்ட கணக்கில் பிழையே இல்லை. ஆனால் தொண்டை கணக்குப் பார்க்கவில்லை.

"தாழம்புதர்லேருந்து பாம்பு வருது! பாம்பு வருது!"

ஒரு தவளைகூடக் குதிக்கவில்லை.

"கெடுத்துட்டாளே பாவி," என்றான் தேரையப்பன். "அணில் சொன்னதையே இவளும் சொல்றா பாருங்க."

"கதை இல்லண்ணே. நிஜப் பாம்பு."

"நிஜப் பாம்பை வச்சா எடுத்திருக்காங்க? அதையும் சொல்லிட்டியா?"

"திரும்பித்தான் பாருங்களேன், அண்ணே."

"முதல் பாகத்துல பாத்துக்குறோம்." மண்டூகநாதன் கூட்டத்தைப் பார்த்துக் கட்டளையிட்டார். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. இவ இன்னும் என்னென்ன சொல்லுவாளோ."

மன்றத்தார் கட்டுப்பாடு மிக்கவர்கள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாம்பு வந்து, அவசரமே இல்லாமல் பார்த்து, இருப்பதிலேயே பருமனானவரைத் தேர்ந்தெடுத்துப் பின்னங்காலைக் கவ்வியது. அது தலைவருடைய கால்.

வடிவு முட்டைகளை விட்டு எழுந்தாள். நேராகப் பாம்பின் முகத்தில் போய் விழுந்தாள். இறக்கையால் அறைந்தாள், கண்ணைப் பார்த்துக் கொத்தினாள். பாம்பு சீறித் தலையை வீசியது. அவள் மார்பு இறகு ஒரு கொத்து பிய்ந்து பறந்தது. அவள் விலகவில்லை. மறுபடி மேலே எழும்பி, மறுபடி முகத்திலேயே இறங்கினாள். சீறுவதற்கு வாயைத் திறந்த பாம்பு தலைவரை நழுவவிட்டது. மூன்றாவது அறைக்கு அது காத்திருக்கவில்லை. புதருக்குள் நுழைந்து மறைந்தது.

இந்தச் சத்தத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்திருந்தார்கள். மண்டூகநாதன் நொண்டிக்கொண்டே எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சண்டைக் காட்சி பரவாயில்லை," என்றார். "ஆனா பாவாயிக்கு ஏது றெக்கை? மூக்குல எதுக்குச் சிவப்பு? கால் வேற ஈர்க்குச்சி மாதிரி இருக்கு."

"தலைவரே, இது பாவாயி இல்ல. நம்ம வடிவு," என்றான் தேரையப்பன்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன். நாயகி தேர்வே தப்பு."

மஞ்சள் அணியும் பச்சை அணியும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

வடிவு இளைத்துக்கொண்டே முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தாள். தேரையப்பன் தத்தித் தத்தி அவளிடம் வந்தான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதம்மா. தலைவர் காலை நீதான் காப்பாத்தினே, இல்லேங்கல. ஆனா பாம்பு வர்றதுக்கு முன்னாடியே பாம்பு வருதுன்னு சொல்லிட்டியே. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"காலையில போயிடுறேன்ணே," என்றாள் வடிவு.

விடிவதற்குள் குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஆட்காட்டிக் குஞ்சுகள் ஈரம் காய்ந்ததும் நடக்கும். வடிவு அவற்றைக் கூட்டிக்கொண்டு, மலையடிவாரத்து ஓடையைப் பார்த்து நடந்தாள். குளத்துப் பெண் தவளைகள் அத்தனையும் அவளுக்குப் பின்னால் போயின. அவை சத்தம் போடாமல் போனதால் மன்றத்துக்குத் தெரியவில்லை.

நாளைக்கு வரப்போகிறவளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, இன்றைக்கு வந்து காப்பாற்றுகிறவள் கண்ணில் படுவதில்லை.

தொடர் சில நாள் கழித்துத் தொடங்கியது. மன்றத்தார் வழக்கம்போல் புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பார்த்தவர்களில் சாரைப்பாம்புக்கு அது மிகவும் பிடித்திருந்தது.