விரல் தடம் பதிந்த சுஷி

முன்னொரு மழைக்காலத்தில், தூத்துக்குடியில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒற்றைச் சுஷி ஒன்று இருந்தது. ஒரு பிடி சோறு, அதன்மேல் வேகாத சூரை மீன் துண்டு. அவ்வளவுதான்.

ஜப்பானில் வேலை பார்க்கும் ரொசாரி, விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பக் கிளம்பும் காலையில் தன் கையால் நான்கு சுஷி பிடித்து வைத்தான். "இன்னைக்கே சாப்பிட்டுருங்கம்மா. இது நம்ம குழம்பு மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா பிலோமினா மூன்றைச் சாப்பிட்டாள். நான்காவதின் சோற்றில் மகனின் விரல் அழுந்திய தடம் தெரிந்தது. அதை மட்டும் டப்பாவில் மூடி வைத்தாள்.

மறுநாள், பக்கத்தில் இருந்த மீன் குழம்புச் சட்டி சுஷியிடம், "ஏன் வாடிக் கிடக்க? இந்த வீட்ல மறுநாள் மீனுக்குத்தான் மவுசு" என்றது.

"நீங்க நெருப்பைப் பார்த்தவர், அண்ணாச்சி. புளி வேற உங்களுக்குக் காவல். எனக்கு ஒரு நாள்தான்."

"நான் இருக்கேனே" என்றது குளிர். உடனே அதுவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நாட்களை மெதுவா நடக்கச் சொல்ல முடியும். நில்லுன்னு சொல்ல முடியாது."

பிலோமினா அடிக்கடி கதவைத் திறந்தாள். டப்பாவைத் திறந்து அந்தத் தடத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அப்போதெல்லாம் சுஷிக்குக் கடல் ஞாபகம் வரும். கூட்டமாய் நீந்திய நாட்கள், பிறகு அந்தப் பிள்ளையின் ஈரக் கை.

மூன்றாம் நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. குளிர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. சூரையின் சிவப்பு மங்கியது. மேலே பிசுபிசுப்புப் படர்ந்தது.

சாயங்காலம் பிலோமினா, "இன்னைக்கு அதைச் சாப்பிட்டுருதேன்" என்று கணவர் சவரிமுத்துவிடம் சொல்வது உள்ளே கேட்டது.

"மூச்சு விடாதே" என்றது ஊறுகாய்ப் பாட்டில். "நாற்றம் தெரிஞ்சா குப்பைதான். அடக்கிக்கோ. ஆசையா வாயில வச்சுக்குவா."

"அதுக்கப்புறம் அவங்க வயிறு?"



டப்பா திறந்தது. சுஷி தன்னிடம் இருந்த நாற்றம் முழுவதையும் வெளியே விட்டது. பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி, தூரப் போடு! ஆசுபத்திரிக்குப் போவணுமா?" என்றார் சவரிமுத்து.

"அவன் கை பட்டதுய்யா."

"நானும் அவன் கழட்டிப் போட்ட பனியனை இன்னும் துவைக்கப் போடலட்டி. ஆனா அதை நான் திங்கல."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. சுஷியைக் காகிதத்தில் பொதிந்து போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவினாள்.

ராத்திரி ரொசாரி கூப்பிட்டான். தினமும் போல, "நல்லா இருக்கேம்மா. நீங்க?" என்றான்.

தினமும் போல, "நல்லா இருக்கோம்" என்று சொல்ல அவளும் வாயெடுத்தாள். கையில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது.

"இல்லய்யா. உன் கை பட்டதுன்னு ஒண்ணை எடுத்து வச்சேன். கெட்டுப்போச்சு."

 அதைக் கேட்டதும் ரொசாரியும், ஜப்பானுக்குப் போன இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "எனக்கு இங்க பிடிக்கலம்மா" என்றான்.